கடல் கடந்த சந்தேகநபரும் கரையில் நிற்கும் நீதியும்
புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19 ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றக் கட்டடத் தொகுதியினுள், வழக்கொன்றிற்காகச் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த ‘கணேமுல்ல சஞ்சீவ’ என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிதாரி எனச் சந்தேகிக்கப்பட்டவர் அன்றைய தினமே புத்தளம் மாவட்டத்தின் பாலாவியில் கைதுசெய்யப்பட்டார். அதே வழக்கில் தேடப்பட்ட பெண் சந்தேகநபர் எட்டு மாதங்கள் கழித்து, 2025 ஒக்டோபரில், நேபாளத்தில் பிடிபட்டு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் கடல்வழியாக இந்தியாவை அடைந்து அங்கிருந்து நேபாளம் சென்றார் என்பது பொலிஸ் தரப்பின் கூற்று.

ஒரே வழக்கு, இரண்டு சந்தேகநபர்கள். ஒருவரைக் கரையிலேயே தடுக்க முடிந்தது. மற்றவரைத் தேடி மூன்று நாடுகளின் அதிகாரிகள் அலைய நேர்ந்தது. இவ்வழக்கில் அரசு முழுமூச்சாக நின்றது. ஊடகங்களின் கண்ணும் அதன்மீதே இருந்தது. கொல்லப்பட்டவர் ஒரு மீனவராகவோ தோட்டக் கூலியாளாகவோ கணவனின் வன்முறைக்குப் பலியான பெண்ணாகவோ இருந்து, சந்தேகநபர் வெளிநாடு சென்றுவிட்டால், அவரது குடும்பம் நீதியை எங்கே, எவ்வாறு தேடுவது? இவ்வினாவுக்குச் சட்டமும் நடைமுறையும் தரும் விடைகளைப் புத்தளக் கரையோரத்தின் நிலைமைகளோடு இணைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘குற்றவாளி கடல் கடந்துவிட்டான், இனி நாம் என்ன செய்ய இயலும்’ என்னும் கையறுநிலை மக்களிடையே பரவலாக உள்ளது. வெளிநாடுகள் குற்றவாளிகளைக் காப்பாற்றுகின்றன என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி எழுகின்றது. ஆனால், நீதியை மறிக்கும் தடைகளிற் பெரும்பாலானவை அந்நிய நாடுகளில் இல்லை. அவை நம் சட்டப் புத்தகத்திலும் பொலிஸ் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலுமே உள்ளன. நாம் இங்கு நிறுவ முயல்வது இதனையே.

கரையின் இயல்பு

வடக்கே குதிரைமலைப் பகுதி தொடக்கம் தெற்கே மா ஓயாவின் கழிமுகம் வரை நீள்வது புத்தளம் மாவட்டத்தின் கரையோரம். கற்பிட்டிக் குடாநாடும் புத்தளக் களப்பும் உடப்பு, முந்தல், சிலாபம் முதலிய ஊர்களும் மாரவில, வென்னப்புவ போன்ற தெற்கத்திய கரையூர்களும் இதில் அடங்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களக் கத்தோலிக்கரும் அருகருகே வாழும் கரை இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் அடைக்கலம் புகுந்ததும் இங்கேதான்.

இக்கரை எக்காலத்திலும் புறவுலகுடன் தொடர்பு கொண்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியதற்கு இக்கடல்வழியின் வணிக முக்கியத்துவமே காரணம். இன்று அவ்வழியே பீடியிலையும் மஞ்சளும் தங்கமும் கடத்தப்படுவதைக் கடற்படையின் கைப்பற்றல்கள் காட்டுகின்றன. சரக்கு செல்லும் வழியில் ஆளும் செல்லலாம்.

ஆயினும், தப்பிச்செல்வோர் யாவரும் இரவில் படகேறுபவர் அல்லர். வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து கடந்த சில தசாப்தங்களாக மக்கள் திரளாக இத்தாலிக்குப் புலம்பெயர்ந்துள்ளனர். வென்னப்புவவைச் ‘சின்ன இத்தாலி’ என்றழைப்பது வழக்காகிவிட்டது. மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் அநேகர். வறுமையும் நிலமின்மையும் மீன்பிடியின் நிச்சயமின்மையுமே இம்மக்களை வெளியே தள்ளின. இப்புலப்பெயர்வைக் குற்றத்தோடு இணைத்து நோக்குவது அநீதி. ஆனால், உறவினரும் உறைவிடமும் தொழிலும் வெளிநாட்டில் ஏற்கெனவே அமைந்துள்ள சமூகத்தில், தப்ப விரும்பும் ஒருவருக்குக் கடவுச்சீட்டும் விமானச் சீட்டுமே போதுமானவை என்பதை மறுக்க முடியாது. பிடியாணை நீதவானின் மேசையை அடையுமுன் அவர் மிலானோ குவைத்தோ சென்று சேர்ந்துவிடலாம்.

கையளிப்பு என்பது யாது?

ஒரு நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை, அவர் தங்கியுள்ள மற்றொரு நாடு சட்டமுறைப்படி விசாரணைக்கோ தண்டனைக்கோ திருப்பி ஒப்படைப்பதைக் கையளிப்பு என்கிறோம். குடிவரவு விதிகளை மீறியவரை ஒரு நாடு தானாகவே வெளியேற்றும் நாடுகடத்தல் இதனின்றும் வேறானது. முன்னையது நீதிமன்றத்தின் வழியே நடப்பது. பின்னையது பெரும்பாலும் நிருவாகத்தின் முடிவு.

பிரித்தானியப் பேரரசின் காலத்தில் 1881 ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் ஆட்சிப்பகுதிகளுக்கிடையே இதனை ஒழுங்குபடுத்தியது. பேரரசு கலைந்து நாடுகள் சுதந்திரம் பெற்றபின், 1966 இல் இலண்டனில் கூடிய பொதுநலவாயச் சட்ட அமைச்சர்கள் ஒரு பொதுத் திட்டத்தை வகுத்தனர். அதனை அடியொற்றியே இலங்கையின் 1977 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியா இலங்கையுடன் 1978 முதல் கையளிப்பு ஏற்பாடு கொண்டுள்ளது. அமெரிக்காவுடன் இலங்கை 1999 இல் உடன்படிக்கை செய்துகொண்டது. இத்தாலியோ பொதுநலவாயத்துக்கு வெளியே உள்ள நாடு. அதனிடம் ஒருவரைக் கேட்பதற்குப் பொதுநலவாயத் திட்டம் உதவாது. தனி உடன்படிக்கையையோ தனி ஏற்பாட்டையோ நாட வேண்டும்.

கையளிப்புக்குச் சில பொது விதிகள் உண்டு. குற்றமெனக் கூறப்படும் செயல் இரு நாடுகளின் சட்டங்களிலும் குற்றமாக இருத்தல் வேண்டும். எக்குற்றத்திற்காகக் கையளிக்கப்பட்டாரோ அக்குற்றத்திற்கே அவர் விசாரிக்கப்படல் வேண்டும். அரசியற் குற்றங்களுக்காக எவரையும் கையளித்தலாகாது. பொதுநலவாய மரபில், முதல் நோக்கிலேயே வழக்குண்டு எனக் காட்டும் சான்றுகளும் கேட்கும் நாட்டினால் முன்வைக்கப்படல் வேண்டும். கொலை எல்லா நாடுகளிலும் குற்றமாதலால் முதல் விதி தடையாவதில்லை. சான்றுகளே இடர்ப்பாட்டைத் தருகின்றன.

சர்வதேசப் பொலிஸ் அமைப்பின் ‘சிவப்பு அறிவித்தல்’ வெளியானதும் கைது உறுதியாகிவிட்டதெனப் பலர் நம்புகின்றனர். அது உறுப்பு நாடுகளின் பொலிசாருக்கு விடுக்கப்படும் ஒரு வேண்டுகோளே. அதன்மீது கைதுசெய்வதா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானிக்கின்றது. கைதின் பின்னரும் கையளிப்புக்கான ஆவணங்கள் உரிய காலத்துள் செல்லாவிடின் பிடிபட்டவர் விடுதலையாவார்.

மரணதண்டனை என்னும் கேடயம்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 296 ஆம் பிரிவு கொலைக்கு மரணதண்டனையை விதிக்கின்றது. 1976 ஜூன் மாதத்தின் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2016 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் மரணதண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானத்தை இலங்கை ஆதரித்தும் உள்ளது. அவ்வாறாயின் அத்தண்டனை ஏட்டளவில் உள்ளதுதானே எனக் கேட்கலாம். ஆனால், 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வருக்கான தூக்குத்தண்டனை ஆணையில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. ஏட்டில் உள்ள தண்டனை எந்நேரமும் ஏட்டைவிட்டு எழலாம் என்பதை இது காட்டிற்று. வெளிநாட்டு நீதிமன்றமொன்று இதனைக் கவனியாது விடுமா?

1989 ஜூலையில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சோரிங் வழக்கில் ஒரு முக்கிய தீர்ப்பை அளித்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைப் பிரித்தானியா கையளித்தால், மரணதண்டனைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் கொடிய காத்திருப்புக்கு அவர் ஆளாவார் என்றும், அது மனிதாபிமானமற்ற நடத்தையாகும் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று. தூக்கிலிடப்படுவதில்லை என்று தெரிந்தும் தெரியாமலும் ஆண்டுகளைக் கழிக்கும் கைதிகளைக் கொண்ட நம் நாட்டுக்கு இத்தீர்ப்பு நன்கு பொருந்தக்கூடியது.

இத்தாலி இன்னும் ஒருபடி மேலே சென்றது. புளோரிடாவில் நடந்த கொலைக்காகத் தேடப்பட்ட வெனேசியா என்ற இத்தாலியரை அமெரிக்கா கேட்டது. மரணதண்டனை விதிக்கப்படமாட்டாது என்ற உறுதியையும் வழங்கியது. ஆனால், இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டின் 223 ஆம் இலக்கத் தீர்ப்பில், உயிர் வாழும் உரிமையை ஓர் அரசாங்கத்தின் வாக்குறுதியில் தொங்கவிட முடியாது எனக் கொண்டு, அவ்வாறு கையளிக்க இடமளித்த சட்ட ஏற்பாட்டை இரத்துச் செய்தது. 2016 இல் இத்தாலியின் குற்றவியல் நடைமுறைக் கோவை திருத்தப்பட்டது. அதன்படி, மரணதண்டனைக்குரிய குற்றமொன்றில், இறுதித் தீர்ப்பு வேறு தண்டனையை விதித்திருந்தாலோ, விதிக்கப்பட்ட மரணதண்டனை மாற்றப்பட்டிருந்தாலோ மட்டுமே ஒருவரைக் கையளிக்கலாம்.

இதன் விளைவைப் புத்தளக் கரையில் நின்று எண்ணிப் பார்ப்போம். இக்கரையின் தென்பகுதி மக்கள் மிகுதியாகச் சென்று குடியேறிய நாடு இத்தாலி. அங்கு சென்றுவிட்ட சந்தேகநபரை விசாரித்து முடிக்காமல் கேட்டுப் பெற இயலாது. அவர் வராமல் வழமையான விசாரணையை முடிக்கவும் இயலாது. கொலைகாரனைத் தண்டிப்பதற்காகச் சட்டத்தில் வைத்திருக்கும் தூக்குக்கயிறு, இச்சூழலில் அவனுக்கே பாதுகாப்பாக அமைகின்றது. கொல்லப்பட்டவரின் உறவினர் ‘அவனைத் தூக்கிலிட வேண்டும்’ எனக் கோருவது அவர்களின் துயரத்தின் மொழி. அதனை நாம் மதிக்கிறோம். ஆனால், அவர்களின் கோரிக்கை நிறைவேறாமைக்கு அத்தண்டனையே காரணமாகின்றது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இந்தியா இத்தடையை ஓரளவு உணர்ந்துகொண்டது. 1993 இல் இந்தியக் கையளிப்புச் சட்டத்தில் 34 சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கையளித்த நாட்டின் சட்டம் அக்குற்றத்திற்கு மரணதண்டனை விதிப்பதில்லையாயின், இந்தியாவிலும் அவருக்கு ஆயுள் தண்டனையே உரியதாகும் என்பது அதன் சாரம். 2005 இல் போர்த்துக்கல் அபு சலேமைக் கையளித்தபோது, மரணதண்டனையோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ இல்லை என்ற உறுதியை இந்தியா அளித்திருந்தது. அவ்வுறுதிக்கு அரசு கட்டுப்பட்டது என 2022 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனையின் கடுமையை ஓரளவு விட்டுக்கொடுத்ததனால்தான் இந்தியாவால் அவரை நீதிமன்றத்தின்முன் நிறுத்த முடிந்தது.

வராதவரை விசாரித்தல்

இலங்கைச் சட்டத்தில் மற்றொரு வழியும் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 241 ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமறைவாகிவிட்டார் அல்லது நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார் என மேல் நீதிமன்றம் திருப்தியுறுமிடத்து, அவர் இல்லாமலே விசாரணையை நடத்த இடமளிக்கின்றது. 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு வழக்கில், கொழும்பு மேல் நீதிமன்றம் 2002 ஒக்டோபரில் வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு அவர் முன்னிலையாகாத நிலையிலேயே இருநூறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தமை பலர் அறிந்தது.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. சாட்சிகள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே அவர்களின் சாட்சியம் நீதிமன்றப் பதிவில் ஏறிவிடுகின்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்து சந்தேகநபர் பிடிபடும்போது, கண்ணாற் கண்ட மீனவர் இறந்திருக்கலாம். அயல்வீட்டுப் பெண் தொழிலுக்காக வளைகுடா சென்றிருக்கலாம். தம் மகனின் மரணம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஒரு நீதிமன்றம் கேட்டறிந்தது என்ற நிறைவும் குடும்பத்துக்குச் சிறிதளவேனும் கிடைக்கின்றது.

ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டவரின் குரல் இல்லாத விசாரணை முழு நீதியாகாது. தாம் வராமைக்கு நேர்மையான காரணம் இருந்ததென அவர் பின்னர் காட்டுவாராயின் புதிய விசாரணை நடத்தப்படல் வேண்டுமெனச் சட்டமே கூறுகின்றது. தம் மீதான வழக்கை அறியாத ஒருவருக்கு எதிரான தீர்ப்பை ஐரோப்பிய நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே நோக்கும். ஆதலின், வழக்கு நடைபெறுவதை அவருக்கு முறைப்படி அறிவித்தமைக்கான சான்று, அவருக்காகத் தோன்றிய சட்டத்தரணி, முழுமையான பதிவு ஆகிய மூன்றும் இருந்தாலன்றி இவ்வழி வெளிநாட்டில் மதிப்புப் பெறாது.

புகலிட நாட்டிலேயே விசாரணை

ஒப்படை, அன்றேல் நீயே தண்டி என்னும் கோட்பாட்டை ஒல்லாந்தச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோசியஸ் 1625 இல் எடுத்துரைத்தார். கையளிக்க மறுக்கும் நாடு கைகட்டி நிற்கலாகாது என்பதே அதன் உட்பொருள். இத்தாலியத் தண்டனைச் சட்டக்கோவையின் 10 ஆம் பிரிவு இக்கோட்பாட்டுக்கு இடமளிக்கின்றது. வெளிநாட்டவர் ஒருவர் வெளிநாட்டில், மற்றொரு வெளிநாட்டவருக்கு எதிராகப் புரிந்த பாரதூரமான குற்றத்தையும், அவர் இத்தாலிய மண்ணில் இருந்து, கையளிப்பு நிகழாதிருப்பின், நீதி அமைச்சரின் வேண்டுகோளின்பேரில் அந்நாட்டு நீதிமன்றங்கள் விசாரிக்கலாம். மேலே கூறிய வெனேசியா, கையளிக்கப்படாமையால் குற்றத்திலிருந்து தப்பிவிடவில்லை. இத்தாலிய நீதிமன்றமே அவரை விசாரித்துத் தண்டித்தது.

புத்தளத்துக் குடும்பமொன்றுக்கு இவ்வழி திறந்துள்ளது என்பதைச் சட்டத்தரணிகளிலும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், இதிலும் சான்றுகள் இங்கிருந்தே செல்ல வேண்டும். 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கக் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிச் சட்டம், நாடுகளுக்கிடையே சான்றுகளைப் பரிமாறுவதற்கு வழிசெய்வது. அதனைப் பயன்படுத்தும் முனைப்பு அரசிடம் இருக்க வேண்டும்.

இவ்வழியின் எல்லையையும் நாம் காணத் தவறலாகாது. 2012 பெப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், ‘என்றிகா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டதில் இரு மீனவர் மாண்டனர். அவருள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த தமிழர். சந்தேகநபர்களான இரு கடற்படையினரும் 2013 இல் தேர்தலில் வாக்களிக்க விடுப்பிற் சென்றபோது, அவர்கள் திரும்பமாட்டார்கள் என இத்தாலி அறிவித்தது. மரணதண்டனை கோரப்படமாட்டாது என்ற உறுதியை இந்தியா அளித்தபின்னரே மார்ச் மாதம் அவர்கள் திரும்பினர். எனினும், கடற்படையினருக்கு விலக்குரிமை உண்டென 2020 இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்மானித்தது. 2021 ஜூனில் பத்துக் கோடி ரூபா இழப்பீட்டுடன் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. இத்தாலியில் தொடங்கிய விசாரணையும் 2022 இல் மூடப்பட்டது. இறந்த மீனவரின் குடும்பங்களுக்குப் பணம் கிடைத்தது. கொலை நடந்ததா, தவறா என்ற வினாவுக்கு எந்நீதிமன்றமும் விடை கூறவில்லை.

அதிகாரமும் காலமும்

தப்பிச்செல்லல் எப்போதும் ஒருவழிப் பாதை அன்று. 1986 நவம்பர் 1 ஆம் திகதி, சென்னை சூளைமேட்டில் ஈழ இயக்கமொன்றைச் சேர்ந்தோருக்கும் ஊரவருக்கும் இடையே ஏற்பட்ட மோதலில் திருநாவுக்கரசு என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒருவரான டக்ளஸ் தேவானந்தா, பின்னர் சென்னை நீதிமன்றத்தினால் அறிவிக்கப்பட்ட தேடப்படும் நபரானார்; இலங்கையிலோ அவர் நீண்டகாலம் அமைச்சராக இருந்தார். 2010 ஜூனில் ஜனாதிபதியுடன் அவர் புதுடில்லி சென்றபோது இவ்விடயம் மீண்டும் எழுந்தது. 1987 ஆம் ஆண்டின் இலங்கை - இந்திய உடன்படிக்கையின் பொதுமன்னிப்பு தமக்குப் பொருந்தும் என்பது அவர் தரப்பின் வாதம். அவர் குற்றவாளி என நிறுவப்படவில்லை. அவ்வாறு கூறுவது எமது நோக்கமுமன்று. இரு அரசுகளின் நட்புறவு குறுக்கிடும்போது, சூளைமேட்டின் சாதாரணக் குடும்பமொன்றின் வழக்கு எத்தனை ஆண்டுகள் நகராது நிற்கக்கூடும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

றோயல் பார்க் கொலை வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 2005 இல் இராஜகிரியவில் பத்தொன்பது வயது யுவதி ஒருவரைக் கொன்றமைக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு 2019 நவம்பரில் பதவி விலகிச் செல்லும் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். விடுதலையானவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பெண்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைச் செல்லுபடியற்றதாக்கி, அவரை மீண்டும் நாட்டுக்குக் கொண்டுவரும் நடவடிக்கையை எடுக்குமாறு சட்டமா அதிபரைப் பணித்தது. இங்கே குற்றவாளிக்குக் கள்ளப் படகு தேவைப்படவில்லை. அரசின் ஒப்பமே வழியனுப்பி வைத்தது.

குறுக்குவழியின் ஆபத்து

கையளிப்பின் நீண்ட பாதையைத் தவிர்த்து, நாடுகடத்தல் மூலம் விரைவாக ஆளைப் பெறுவதை அரசுகள் விரும்புகின்றன. 2025 ஓகஸ்டில் இந்தோனேசியாவில் பிடிபட்ட பாதாள உலகச் சந்தேகநபர்கள் சில நாட்களிலேயே கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். இவ்விரைவு பாராட்டப்பட்டது. ஆனால், 2019 இல் துபாயிலிருந்து அவ்வாறே கொண்டுவரப்பட்ட ‘மாக்கந்துரே மதுஷ்’ என்பவருக்கு நேர்ந்தது யாது? 2020 ஒக்டோபரில், பொலிஸ் காவலில் மாளிகாவத்தைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவர் சுடப்பட்டு இறந்தார். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டின் நடுவே அகப்பட்டார் எனப் பொலிசார் கூறினர். அவர்மீதான குற்றச்சாட்டுகளும், அவற்றின் பின்னால் இருந்தோரின் பெயர்களும் அவருடனேயே புதைந்தன.

இத்தகைய மரணங்களைச் சிலர் ‘உடனடி நீதி’ என வரவேற்கின்றனர். அவை பாதிக்கப்பட்டோரிடமிருந்து நீதியைப் பறிப்பவை. அதுமட்டுமன்று. காவலில் இருப்போரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நாட்டிடம் ஒருவரை ஒப்படைப்பதா என நாளை ஒரு வெளிநாட்டு நீதிபதி சிந்திக்கும்போது, அவர்முன் வைக்கப்படும் முதல் ஆவணம் இச்சம்பவங்களின் பட்டியலாகவே இருக்கும். மாளிகாவத்தையில் வெடித்த துப்பாக்கி, வென்னப்புவவிலோ உடப்பிலோ உள்ள ஒரு தாயின் வழக்கையும் பலவீனப்படுத்துகின்றது.

முதல் நாட்களின் முக்கியத்துவம்

இதுவரை கூறியவை யாவும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. கையளிப்பாயினும், வராதவர்மீதான விசாரணையாயினும், புகலிட நாட்டின் விசாரணையாயினும், அவை தங்கியிருப்பது கொலை நடந்த ஊரில் முதற் சில நாட்களில் திரட்டப்படும் சான்றுகளின்மீதே.

2015 மே மாதத்தில் புங்குடுதீவு மாணவி வித்தியா படுகொலை செய்யப்பட்டபோது, முக்கிய சந்தேகநபர்களுள் ஒருவர் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தவர். ஊர்மக்கள் பிடித்து வைத்திருந்தும் அவர் கொழும்புவரை செல்ல முடிந்தது. மக்கள் வீதியில் இறங்கிப் போராடியிராவிடின் அவர் விமானம் ஏறியிருக்கக்கூடும். வெள்ளவத்தையில் அவர் கைதானார். 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் எழுவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர் தப்புவதற்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரும் 2017 இல் கைதுசெய்யப்பட்டார். விழிப்புற்ற ஊர், அலட்சியமான நிருவாகத்தை எவ்வாறு நகர்த்தலாம் என்பதற்கு இது சான்று.

புத்தளக் கரையில் இதற்கு மேலும் ஓர் இடையூறு உண்டு, அது மொழி. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நீதிமன்ற மொழியாகும். ஏனைய பகுதிகளில் பதிவுகள் சிங்களத்தில் அமைகின்றன. தமிழ் பேசுவோர் தம் மொழியில் பங்குகொள்ளவும் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமை உடையவர். புத்தளம் வடமேல் மாகாணத்தில் உள்ளது. உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒரு சாட்சி தமிழில் சொல்வது பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்படலாம். பின்னர் அது ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து இத்தாலிய மொழிக்கும் போகும். மூன்று முறை மொழி மாறிய ஒரு வாக்குமூலத்தில் ‘கண்டேன்’ என்பது ‘கேள்விப்பட்டேன்’ என ஆகிவிட்டால், கடல் கடந்த நீதிமன்றத்தில் அவ்வழக்கு அத்துடன் முடிவுறும். தம் வாக்குமூலத்தைத் தமிழிலேயே பதியக் கோருவதும், வாசித்துக் காட்டாமல் ஒப்பமிட மறுப்பதும் சாட்சிகளின் உரிமைகள். வழக்கின் உயிரும் அவற்றிலேயே தங்கியுள்ளது.

எனவே, மரணம் நிகழ்ந்த உடனேயே குடும்பத்தினரும் அவர்க்கு உதவுவோரும் செய்யத்தக்கவை சில உள. மரண விசாரணையில் சட்டத்தரணி மூலம் தோன்றுதல். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை கோவையில் சேர்வதை உறுதிசெய்தல். சந்தேகநபரின் பெயர் தெரிந்த கணமே அவருக்கு எதிரான வெளிநாட்டுப் பயணத் தடையை நீதவானிடம் வேண்டுமாறு பொலிசாரை வற்புறுத்தல். அவர் தலைமறைவானால் பகிரங்க அறிவித்தலையும் சொத்து முடக்கத்தையும் கோருதல். கோவை சட்டமா அதிபர் திணைக்களத்தில் தேங்கினால் எழுத்து மூலம் தொடர்ந்து வினவுதல். குற்றத்தாற் பாதிக்கப்பட்டோரினதும் சாட்சிகளினதும் பாதுகாப்புக்கென 2015 இலும், அதற்குப் பதிலாக 2023 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், அச்சுறுத்தலின்றி இவற்றைச் செய்வதற்கான உரிமைகளைக் குடும்பத்தாருக்கு அளித்துள்ளன.

இவை ஏழைக் குடும்பமொன்று தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. களப்பிலே இறால் பிடிப்பவர், ஒரு நாள் நீதிமன்றம் சென்றால் அன்றைய உழைப்பை இழக்கின்றார். சந்தேகநபரின் குடும்பத்துக்கோ ஐரோப்பாவிலிருந்து பணம் வரலாம். சமாதானமாகப் போகும்படி வற்புறுத்தும் தரகர்களும் விரைவில் வந்து சேர்வர். சட்டத்தின்முன் யாவரும் சமம் எனினும், சட்டத்தின் வாசல்வரை செல்லும் வழிச்செலவு யாவருக்கும் சமமன்று. மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்களும் இளஞ் சட்டத்தரணிகளும் பல்கலைக்கழக மாணவரும் இங்கு ஆற்றக்கூடிய பணி பெரிது. ஒரு வழக்குக் கோவையின் பிரதிகளைப் பேணுவதும், தவணைக்குத் தவணை உடன்செல்வதும், வாக்குமூலங்களை மொழிபெயர்த்து ஒப்புநோக்குவதும் எம்மாற் செய்யக்கூடிய காரியங்களே.

முடிவுரை

நாம் வந்தடையும் முடிபுகள் மூன்று. முதலாவது, கொலைக்கான மரணதண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்குதல் வேண்டும். வாக்குறுதிகளை ஏற்காத இத்தாலி போன்ற நாடுகளின் முன்னிலையில் இதுவே நிரந்தர வழி. அது நிகழும்வரை, இந்தியாவின் 34 சி பிரிவை ஒத்த தெளிவான ஏற்பாடொன்றாவது நம் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். இரண்டாவது, எம்மக்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகளுடன், குறிப்பாக இத்தாலியுடனும் வளைகுடா நாடுகளுடனும், கையளிப்பும் பரஸ்பர உதவியும் வெளிப்படையான சட்ட அடிப்படையில் அமைதல் வேண்டும். கையளிக்கப்பட்டவரின் உயிருக்கும் நேரிய விசாரணைக்கும் அரசு பொறுப்பேற்றல் வேண்டும். மூன்றாவது, புத்தளம், சிலாபம் போன்ற இருமொழிப் பிரதேசங்களின் பொலிஸ் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் தமிழில் வாக்குமூலம் பதியும் வசதி சலுகையாகவன்றி உரிமையாக நடைமுறைப்படல் வேண்டும்.

இம்மூன்றும் வெளிநாடுகளின் தயவை வேண்டி நிற்பவை அல்ல. இவை நம் பாராளுமன்றத்தினாலும் அமைச்சுகளினாலும் பொலிஸ் நிலையங்களினாலும் செய்யப்படக்கூடியவை. தப்பிச் சென்றவரைத் திருப்பித் தருமாறு உலகைக் கேட்கும் நாடு, அவரை நம்பி ஒப்படைக்கத் தகுந்த நாடாகத் தன்னை முதலில் ஆக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை, புத்தளக் கரையில் தம் பிள்ளையின் கொலைக்கு விடை கேட்டு நிற்கும் பெற்றோருக்கு, ‘சந்தேகநபர் வெளிநாட்டில் உள்ளார்’ என்ற ஒரு வரியை மட்டுமே நீதிமன்றப் பதிவேடு தவணைக்குத் தவணை திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்.